வாத்துக்குக் கீழே நாலு எண்

உயரமான நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னப் பெண், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். எதிர்த் தெரு மழலைப் பள்ளியில் படிப்பவள். கடைசி வரியில் கடுகளவு இருந்த எழுத்துகளைக்கூட விடவில்லை. "முடிஞ்சிருச்சு, போலாமா?" என்று அம்மாவைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் இதற்கெல்லாம் ஏமாறுகிற ஆளா? எழுந்து போய்ப் பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். பாப்பா கால் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இதை என் ஃப்ரெண்டு சொல்லித் தரலையே," என்றாள் பரிதாபமாக.

"அடி கள்ளி! மனப்பாடம் பண்ணிச் சொன்னா உன் கண்ணு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னதைச் சொல்லக் கூடாது. பாத்துச் சொல்லணும்."

பாப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே தடுமாறிவிட்டாள். மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தால் பூப்போட்ட ஃபிரேமாகப் போட்டுத் தருகிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்.

இப்படி ஊர்க்கண்ணையெல்லாம் சோதித்துப் பார்க்கிற இந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் எல்லோரும் அவரைத் 'தள்ளுபடியார்' என்றுதான் சொன்னார்கள். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் அன்று அவருக்குத் தூக்கம் வராது. ஒருமுறை முடி வெட்டுகிறவரிடம், "தலையில பாதி முடி கொட்டிப் போச்சு. கூலியும் பாதியாத்தானே ஆகணும்?" என்று நியாயம் பேசியவர் அவர். அந்தக் கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் கூலியைக் குறைக்கவில்லை.

தள்ளுபடியார் வீட்டு வாசலில் ஒரு கேம்பர் வேன் நின்றிருந்தது. உள்ளே மடக்கிப் போடும் கட்டில், ஓர் அடுப்பு, முகம் கழுவத் தொட்டி, சரியாகத் தலை இடிக்கும் உயரத்தில் இரண்டு அலமாரிகள். வண்டியின் வயது அந்த வீட்டு மகளின் வயதுக்குக் கொஞ்சம் கூட. பழைய சொந்தக்காரர் யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்றிருந்த நேரத்தில் இவர் போய்ப் பேரம் பேசி வாங்கி வந்தார். வண்டியைப் பற்றிப் பேசுவது அவர், ஓட்டுவது அவர் மனைவி. அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

மகளுக்கு மலைமேல் இருந்த ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. முதல் வேலை. மூன்று பேருமாக வேனிலேயே போவது, வழியில் பிடித்த இடத்தில் நிறுத்தித் தங்குவது, அவளையும் அவள் மூட்டை முடிச்சுகளையும் அங்கே இறக்கிவிட்டு வருவது என்று ஏற்பாடு. அதற்காக வண்டிக்கு ராஜ உபசாரம் நடந்தது. மகள் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை அடித்தாள். அப்போது பெயிண்ட் கொட்டி முன்டயரில் வழிந்தது. வழிந்த பெயிண்ட் கழுத்தும் வயிறுமாக ஒரு வாத்து போலவே நின்றது. துடைக்கப் போனவளுக்கு மனசு வரவில்லை. சின்னத் தூரிகையால் ஒரு கறுப்புக் கண்ணும் சிவப்பு அலகும் வைத்துவிட்டாள். "டயர்ல என்னடி சித்திரம்?" என்று அப்பா அதட்டினார். ஆனால் தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த வாத்தைப் பார்த்து அவர் சிரித்ததை மகள் ஜன்னல் வழியாகக் கவனித்திருக்கிறாள்.

தள்ளுபடியார் தன் பங்குக்குத் திரைச்சீலை வாங்கினார், ஸ்டீயரிங்குக்கு உறை வாங்கினார், கலர் பல்பு சரம் வாங்கினார். மாதக் கடைசித் தள்ளுபடியில் வேன் சுவரில் மாட்ட ஒரு டிவியும் வாங்கி, பெட்டி பிரிக்காமல் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்.

"எல்லாம் சரிங்க. டயர்?" என்றார் டீச்சர்.

"டயருக்கு என்ன? நாலும் வட்டமாத்தானே இருக்கு?"

டீச்சர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். அந்த வீட்டில் அதற்கு மேல் விவாதம் கிடையாது. மூன்று பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனார்கள்.

டயர் கடையை நடத்தியது ஒரு அம்மா. கணவரும் அவருமாக ஆரம்பித்த கடை. கணவர் கணக்குப் பார்ப்பார், அம்மா டயர் பார்ப்பார். அவர் வாத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு குனிந்து நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினார். சிரிப்பு போய்விட்டது.

"தரையில படற பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வண்டி ஓடினாத்தானே தேயும்? ஆனா ரப்பர் செத்துப் போச்சு சார். இங்க பாருங்க, முடி மாதிரி வெடிப்பு. வாத்துக்குக் கீழ நாலு எண் இருக்குதா? முதல் ரெண்டு எந்த வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். டயர் பிறந்த தேதி."

மகள் குனிந்து படித்தாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்பா! நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது செஞ்ச டயருப்பா இது!"

"நிக்கிற வண்டி டயருக்கு வயசாகாதுன்னு நினைச்சுக்கறாங்க," என்றார் கடைக்கார அம்மா. "வெயில்ல நின்னே கிழமாயிடும். உங்க வண்டியில கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டின்னு பாரம் எப்பவும் இறங்கறதே இல்ல. மலை இறக்கத்துல சூடேறி ஒண்ணு வெடிச்சுதுன்னா வண்டி யார் பேச்சையும் கேக்காது. நாலையும் மாத்துங்க."

பிறகு விலையைச் சொன்னார். பேர் பெற்ற கம்பெனி டயர் ஒரு விலை. விளம்பரத்தில் வராத கம்பெனி ஒன்று, அதைவிட நன்றாகவே குறைந்த விலை. "பேருக்குக் காசு குடுக்க வேணாம், இது போதும். பாரம் தாங்கற வேன் டயரான்னு மட்டும் பாருங்க. இதே அளவுல கார் டயர் இன்னும் கம்மியாக் கிடைக்கும், அதை மட்டும் போட்டுடாதீங்க. இந்த அளவு யாரும் இருப்பு வெக்கறதில்ல, குடோன்லருந்து வரவழைச்சுத் தர்றேன்."

டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. தள்ளுபடியாருக்கு நிறையவில்லை. "இந்தப் பழசுக்கு என்ன கழிச்சுக்குவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கழிக்க மாட்டேன் சார். பழசைக் குறுக்க வெட்டி ரப்பர் அரைக்கிற ஆலைக்கு அனுப்பிடுவோம். முழுசா வெளிய விட்டா எவனாவது மை பூசி, கோடு கீறி, புதுசுன்னு வித்துடுவான்."

பட்டன் நன்றாக இருக்கிற டயருக்கு ஒன்றுமே கிடையாதா? தள்ளுபடியாரின் நெஞ்சில் முள் தைத்தது போல ஆகிவிட்டது. "நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்று மனைவியிடம் சொன்னார். டீச்சரும் நம்பிவிட்டார்.

அவர் பார்த்துக்கொள்வது என்றால் மைத்துனரைப் பார்ப்பது என்று அர்த்தம். டீச்சரின் தம்பி ஒரு விசித்திரமான மனிதர். அவருக்கு எந்த வேலையும் தெரியாது, ஆனால் எந்த வேலைக்கும் ஆள் தெரியும். குழாய் ஒழுகினால் ஆள் தெரியும், கல்யாணம் பேச ஆள் தெரியும், கல்யாணம் முறிந்தால் அதற்கும் ஆள் தெரியும்.

"பழைய டயரா? எனக்கு ஒரு ஆள் தெரியும் அத்தான்," என்றார் மைத்துனர், விஷயத்தை முழுசாகக் கேட்பதற்கு முன்பே.

அடுத்த நாள் மத்தியானம், மனைவி பள்ளியிலும் மகள் துணிக்கடையிலும் இருந்த நேரம் பார்த்து, அந்த ஆள் சின்ன லாரியோடு வந்தார். டயர்களை ரிம்மிலிருந்து கழற்றி வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தார். "யார் வண்டி சார் இது? எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டார்.

தள்ளுபடியார் ஒரு நிமிடம் தயங்கினார். ஒரு நிமிடம்தான். "ஒரு டீச்சரம்மா வண்டிங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கூலுக்குப் போய்ட்டு வரும், அவ்வளவுதான். போட்டு ரெண்டு வருஷம்கூட இருக்காது."

வந்தவர் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்தார். வாத்து லாரியில் ஏறிப் போயிற்று. 'யாராவது உள்ளூர்ல மெதுவா ஓட்டறவங்க போட்டுக்கட்டும், நாமதானே மலை ஏறணும்' என்று தள்ளுபடியார் தன் மனசாட்சிக்கும் கொஞ்சம் கழிவு கொடுத்துத் தட்டி வைத்தார். வேன் செங்கல் அடுக்குகள் மேல் நின்றது. "புதுசுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து மைத்துனர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அத்தான், யோகம்! ஊர்க்கோடியில ஒரு கடை இருக்கு. உங்க அளவுல நாலு டயர் வந்திருக்கு. புதுசு மாதிரி. டயர் கடையம்மா சொன்ன விலையில பாதிகூட இல்ல. ரிம்மைத் தூக்கிக்கிட்டு வாங்க, அங்கயே மாட்டித் தர்றாங்களாம்."

அந்தக் கடைக்குள் நுழைந்ததும் கண் கூசியது. டயர்கள் எல்லாம் எண்ணெய் பூசிக் குளித்த மாதிரி மினுமினுத்தன. கடைக்காரரின் பத்து விரலும் கறுப்பு. தள்ளுபடியார் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன டார்ச்சை அடித்து டயரின் கோடுகளைப் பார்த்தார். ஆழமாக, கூர்மையாக இருந்தன. முதல் டயரின் பக்கவாட்டில் 'தரம் உறுதி' என்று தங்க நிற ஸ்டிக்கர் வேறு.

"இந்த அளவு இப்ப ஊர்லயே இந்த நாலுதான் சார் இருக்கு," என்றார் கறுப்புக்கைக் கடைக்காரர். அந்த ஒன்று மட்டும் உண்மை. "ஒரு டாக்டரம்மா வண்டியில இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரும், அவ்வளவுதான். போட்டு ஒரு வருஷம்கூட இருக்காது."

இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி தள்ளுபடியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வழியிலேயே டீச்சர் டாக்டராகப் பதவி உயர்வு பெற்றுவிட்டதும், ஒரு வருஷம் காணாமல் போனதும் அவருக்கு எப்படித் தெரியும்? "டாக்டர் வண்டியா! அப்ப சுத்தமா வெச்சிருப்பாங்க" என்று மெச்சிக்கொண்டார். இருக்கிற விலையிலும் பேரம் பேசிக் குறைத்தார். கடைக்காரர் அழுதுகொண்டே இறங்கி வருவது போல இறங்கி வந்தார்.

வேனுக்குப் புதுக்களை வந்துவிட்டது. டீச்சரும் சுற்றி வந்து பார்த்து, "பரவாயில்லையே, நல்லாப் பளிச்சுனு இருக்கே" என்றார். தள்ளுபடியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்சப்பட்ட காசில் வண்டி வாசலில் போட ஒரு மிதியடி வாங்கிவிட்டு வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் வண்டியைக் கழுவினாள். சோப்பு நுரையும் வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷுமாக மஞ்சள் பட்டையைத் துடைத்து முடித்துச் சக்கரத்துக்கு வந்தாள். அப்பா பக்கத்தில் நின்று, "பாத்துத் தேயி, அது டாக்டர் வண்டி டயர்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

பிரஷ் பட்டதும் டயரிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. இன்னும் தேய்த்தாள். இன்னும் வழிந்தது. கறுப்புக்கு நடுவே லேசாக ஒரு மஞ்சள் தெரிந்தது. பிறகு ஒரு வயிறு, நீண்ட கழுத்து, சிவப்பு அலகு. கடைசியில் ஒரு கண் அவளையே பார்த்தது.

"அம்மா!" என்று மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. "அம்மா, ஓடி வாங்க! வாத்து திரும்பி வந்திருச்சு!"

டீச்சர் வந்தார். பார்த்தார். தங்க ஸ்டிக்கரை நகத்தால் பிய்த்தார். வாத்தின் காலடியில் அதே நாலு எண் இருந்தது. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசிலை எடுத்து ஊதினார். மைதானத்தில் ஆட்டம் முடிந்தால் ஊதுகிற நீண்ட ஊதல் அது.

தள்ளுபடியார் மிதியடி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விற்றதையே வாங்கி வந்திருக்கிறார், அதுவும் விற்றதைவிட அதிக விலைக்கு. முதலில் மகளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. டீச்சரும் சிரித்துவிட்டார். கடைசியில் தள்ளுபடியாரும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தார்.

"இந்த டயர் நம்மளைவிட அதிகமா ஊர் சுத்தியிருக்கும்மா," என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கேட்டாள்: "ஆனா அப்பா, அந்தக் கடைக்காரன் எவ்வளவு பெரிய பொய்யன்! டாக்டர் வண்டின்னு எப்படி வாய் கூசாமச் சொன்னான்?"

தள்ளுபடியார் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் பாதிதான் சொன்னான். டீச்சரம்மா வண்டி, ரெண்டு வருஷம்தான் ஆச்சுன்னு ஆரம்பிச்சு வெச்சது நான்."

சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் பிய்த்த ஸ்டிக்கரை மடித்து வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதைத் தாங்க முடியாமல் தள்ளுபடியார் போனை எடுத்துக் கறுப்புக்கைக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கே? மை பூசியா விக்கறே? போலீசுக்குப் போவேன்!"

"சார், சார், எதுக்குக் கோபம்?" என்றார் கடைக்காரர், வெண்ணெய் தடவின குரலில். "பிடிக்கலைன்னா கொண்டாந்து குடுங்க. குடுத்த காசைப் பைசா குறையாம வாங்கிக்கிட்டுப் போங்க. இதே அளவுக்கு இன்னொருத்தங்க ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அந்த மழலைப் பள்ளி வேனுக்கு. நாளைக்கே வந்து மாட்டிக்குவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

தள்ளுபடியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "முழுக் காசும் தர்றானாம்! வாங்க ஆள் ரெடியா இருக்காம்!" என்றார் சந்தோஷமாக. "அதை வெச்சே டயர் கடையம்மாகிட்டப் புதுசு சொல்லிடலாம். ஒண்ணும் நஷ்டமில்ல."

"வாங்கற ஆள் யாருங்க?" என்றார் டீச்சர்.

"மழலைப் பள்ளி வேனாம். நம்ம கடைக்கு எதிர்த் தெருவுல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

டீச்சர் குனிந்து அவர் சட்டைப்பையிலிருந்த டார்ச்சை எடுத்தார். டயரின் மேல் வெளிச்சத்தை அடித்தார். "வாத்துக்குக் கீழ என்ன இருக்கு? யாரோ சொன்னதைச் சொல்ல வேணாம். பாத்துச் சொல்லுங்க."

அவர் கடையில் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை அது. தள்ளுபடியார் பார்த்தார். நாலு எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. எண்களைச் சுற்றி முடி முடியாய் ஓடிய வெடிப்புகள் தெரிந்தன. புதிதாகக் கீறின கோட்டுக்கு அடியில், ரப்பர் மெலிந்து, உள்ளிருக்கும் நூல்கூட ஓரிடத்தில் தெரிந்தது. உயரமான நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்பாவும் தெரிந்தாள். பூப்போட்ட ஃபிரேம் அவளுக்காகக் கடை மேசையில் தயாராக இருந்தது. அவள் தினமும் அந்த வேனில்தான் வருகிறாள். சிநேகிதிகளோடு ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு வருவதை அவரே பார்த்திருக்கிறார்.

"சார், இருக்கீங்களா? எப்ப கொண்டு வர்றீங்க?" என்றது போன்.

"கொண்டு வரலை," என்றார் தள்ளுபடியார். "இந்த டயர் விக்கறதுக்கில்ல. எனக்கும் இல்ல, யாருக்கும் இல்ல." போனை வைத்துவிட்டார். தன் வாழ்நாளில் வந்த காசை வேண்டாம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு தமக்கே ஆச்சரியமாக இருந்தது, நெஞ்சும் லேசாகிவிட்டது.

அப்புறம் இரும்பு அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு வந்தார். தகவல் கேட்டு ஓடி வந்த மைத்துனர் ரிம்மிலிருந்து டயரைக் கழற்ற ஒருவரைக் கூட்டி வந்து காரியத்தை முடித்துக் கொடுத்தார். பிறகு தள்ளுபடியார் டயரைக் காலால் அமுக்கிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். செத்த ரப்பர்தான் என்றாலும் லேசில் விடவில்லை. சட்டை நனைந்து, மூக்குக் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது.

"அத்தான், டயர் அறுக்க எனக்கு ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தார் மைத்துனர்.

"தம்பி!" என்றார் டீச்சர், கை விசிலுக்குப் போக. "உனக்குத் தெரிஞ்ச ஆளுங்க போதும். இப்ப நீயே ஒரு பக்கம் பிடி."

மைத்துனர் பிடித்தார். அறிந்தவரையில் அவர் சொந்தக் கையால் செய்த முதல் வேலை அதுதான். இரண்டு பேருமாக மூச்சிரைக்க நாலு டயரையும் யாரும் இனி ஒட்டவோ பூசவோ முடியாதபடி குறுக்கே அறுத்துப் போட்டார்கள்.

சாயங்காலமே தள்ளுபடியார் மழலைப் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமை டீச்சரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லும்போது காது மடல் சிவந்துவிட்டது. அந்த அம்மா முதலில் திகைத்துப் போனார். "எங்க டிரைவரும் டயர் மாத்தணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கார். எங்க கையில இருக்கறதுக்கு அந்தக் கடைதான் கட்டுப்படியாகும்னு நினைச்சேன்," என்றார்.

"கட்டுப்படியாகற டயர் வேற இடத்துல இருக்குங்க, வாங்க" என்று தள்ளுபடியார் அவரை நேராக டயர் கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்கார அம்மா கதையைக் கேட்டுவிட்டு, வாத்து திரும்பி வந்த இடத்தில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கணவரோடு கணக்குப் பேசினார். ஒரே அளவில் இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே நடையில் குடோனிலிருந்து வரவழைத்தால் ஏற்றுக்கூலி மிச்சம், கம்பெனியும் கொஞ்சம் குறைக்கும். விளம்பரத்தில் வராத கம்பெனி, பாரம் தாங்குகிற வேன் டயர், பிறந்து சில வாரம்தான். விலை முன்பு சொன்னதைவிடக் கணிசமாகக் குறைந்தது. தள்ளுபடியார் அன்று வாயே திறக்கவில்லை, தள்ளுபடி தானாக வந்து கையில் விழுந்தது. மீதிப் பணத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தவர், வேனில் பெட்டி பிரிக்காமல் படுத்திருந்த டிவியை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தள்ளுபடியார் கொடுத்த தங்க ஸ்டிக்கரோடு பள்ளித் தலைமை டீச்சர் போலீசில் புகார் கொடுக்க, மினுமினுப்புக் கடைக்குப் பூட்டு விழுந்தது.

மகள் இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பினாலும் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முன்பே மலையேறிவிட்டாள். வழி முழுக்க ஜன்னலோரம் மரமும் மேகமுமாக வந்துகொண்டே இருந்ததால் டிவியின் ஞாபகமே யாருக்கும் வரவில்லை. இறக்கத்தில் வண்டி டீச்சர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் தள்ளுபடியார் கண்ணை மூடிக்கொண்டார் என்பது உண்மைதான், ஆனால் அது டயரால் இல்லை.

இப்போது அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனால் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்த ஒரு டயர் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதில் ஒரு மஞ்சள் வாத்து. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டவர் யாராக இருந்தாலும் பலகையைப் படித்து முடித்ததும் அடுத்து அந்த வாத்துக்குக் கீழே உள்ளதைப் படிக்க வேண்டும். பூப்போட்ட ஃபிரேம் போட்ட பாப்பாதான் முதலில் படித்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லித் தரவில்லை. நாலு எண்ணையும் பார்த்தே சொன்னாள்.

நேற்று புதுக் கண்ணாடி வாங்க ஒரு கார்க்காரர் வந்திருந்தார். அவரும் படித்தார். "இது எதுக்குங்க இங்க? பழைய டயரை வித்திருந்தா நாலு காசு கிடைச்சிருக்குமே," என்றார்.

"வித்தேன் சார். கிடைச்சுது," என்றார் தள்ளுபடியார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அப்புறம் அதையே நான் திரும்பி வாங்கினேன். விலை குறைச்சு வாங்கறது தப்பே இல்ல, நான் இன்னமும் பேரம் பேசுவேன். ஆனா உயிரைத் தாங்கற பொருள்ல பளபளப்பைப் பாக்கக் கூடாது, நீங்க இப்பப் படிச்சீங்களே, அந்த மாதிரி பிறந்த தேதியைப் பாக்கணும். நம்ம பிள்ளை ஏறக் கூடாதுன்னு நாம கழட்டின டயர்ல எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது சார். ஆபத்துன்னு தெரிஞ்சே அதை அடுத்தவன் தலையில கட்டினா அதுக்குப் பேர் வியாபாரம் இல்ல."

கார்க்காரர் சிரித்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். தள்ளுபடியார் கடைவாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடிக்காரர் கார்க் கதவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கதவை மறுபடி சாத்தினார். முட்டி போட்டுத் தன் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ கொஞ்ச நேரம் உற்றுப் படித்தார்.

எழுந்தவர் மறுபடியும் கடைக்குள் தலையை நீட்டினார். முகத்தில் முன்பிருந்த சிரிப்பைக் காணவில்லை.

"ஏங்க, நல்ல டயர் கடை எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"